ஓடுவதற்கு ஒரு டிஸ்க், வைப்பதற்கு ஒரு டிஸ்க்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

மகளுக்குக் காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். எஸ்.எஸ்.டி. போட்டதா, ஹார்ட் டிஸ்க் போட்டதா?

எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் டிஸ்க்) போட்டதுதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அளவு 512 ஜி.பி. இருக்கட்டும். விண்டோஸ் 11, அதன் அப்டேட்கள், ஆபீஸ், பாடத்துக்கான ஒன்றிரண்டு மென்பொருள் எல்லாம் ஏறும்போதே 100 ஜி.பி. போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் எப்போதும் 15 முதல் 20 சதவீதம் காலியாக விட வேண்டும். நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும். அந்தக் கணக்கில் 256 ஜி.பி. இரண்டாம் வருஷமே இடிக்கும்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் அதை 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யில் போடாதீர்கள். தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு ஒரு டிஸ்க், பொருளைப் பத்திரமாக வைப்பதற்கு வேறொரு டிஸ்க். இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் கட்டுகிற வீட்டில்தான் ஒருநாள் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் முழுக்கப் போகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு பிரிவினையைச் சுற்றியே வரும்.

பழைய கம்ப்யூட்டர் திறக்க ஐந்து நிமிஷம் ஆகுது. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே அது. உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. 7,200 சுற்று ஓடும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேவையான இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகரும் நேரம் தனி. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை விநாடிக்குச் சுமார் 100 முறைதான் எட்டிப் பிடிக்க முடியும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது, சாதாரண சாட்டா வகையே விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும்.

சினிமா ஃபைல் மாதிரி பெரிய ஒற்றை ஃபைலைப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் அவ்வளவு மோசமில்லை. விநாடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை வரும். அதனால்தான் அது வைப்பதற்கு இன்னமும் நல்ல சாமான்.

சாட்டா, எம்.2, என்.வி.எம்.இ. என்று கடையில் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 22 மி.மீ. அகலம், பெரும்பாலும் 80 மி.மீ. நீளமுள்ள ஒரு பட்டை. சாட்டாவும் என்.வி.எம்.இ.யும் அது பேசும் வழி. ஒரே எம்.2 வடிவத்தில் இரண்டு வகையும் வருவதுதான் குழப்பத்துக்குக் காரணம். பின்முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். "உள்ளே உட்கார்ந்தது, ஆனால் காட்டவில்லை" என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

வேகத்தில் சாட்டா விநாடிக்கு 550 எம்.பி.யோடு நிற்கும். மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3,500 வரை, நான்காம் தலைமுறை 7,000 வரை போகும். பாடம், டாலி, இ-சேவை வேலை செய்கிறவருக்கு இந்த மூன்றுக்கும் இடையே வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோவுக்குத் தெரியும். ஒன்று கவனியுங்கள்: ஏறத்தாழ 2014க்கு முந்தைய போர்டுகள் பலவற்றில் என்.வி.எம்.இ.யிலிருந்து விண்டோஸ் திறக்காது. அவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான் சரி.

பெட்டியில் டி.எல்.சி., கியூ.எல்.சி. என்று இருக்கும். ஒரு செல்லில் முறையே மூன்று பிட், நான்கு பிட் அடைப்பதைக் குறிக்கிறது. முதன்மை டிஸ்க்குக்கு டி.எல்.சி. வாங்குங்கள். கியூ.எல்.சி. விலை குறைவு, ஆனால் பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதினால் வேகமாக எழுத ஒதுக்கிய தற்காலிக இடம் தீர்ந்ததும் ஹார்ட் டிஸ்க்கை விடக்கூட மெதுவாகும்.

ஆயுளை நினைத்துப் பயப்பட வேண்டாம். 150 டி.பி. எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிஸ்க்கில் தினமும் 20 ஜி.பி. எழுதினாலும் இருபது வருஷம் ஆகும். எஸ்.எஸ்.டி. தேய்ந்து சாவது அபூர்வம். அதை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு பழுதாகி, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நொடியில் காணாமல் போவதுதான் வழக்கம்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப் மூலையில் கிடக்குது. உயிர் கொடுக்கலாமா?

தாராளமாக. 2011இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப ஆண்டு லேப்டாப்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தவை. அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 4 அல்லது 8 ஜி.பி. ஆக்கினால் டைப்பிங், இணையம், ஆன்லைன் வகுப்புக்கு நன்றாக ஓடும்.

முதலில் பழைய டிஸ்க்கில் உள்ளதை வெளியே நகலெடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். அடிமூடியின் ஸ்க்ரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேலே கீபோர்டு பக்கம் குத்திக்கொண்டு வரும். டிஸ்க் தகரச் சட்டத்தோடு வரும், சட்டத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மி.மீ. என்றால் உள்ளே ஆடும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்து இறுக்க வேண்டும். ஆடினால் கொஞ்ச நாளில் கனெக்டர் தளர்ந்து 'டிஸ்க் இல்லை' என்று வரும்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயது பிராசஸர்களை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போடுவதுதான் எங்கள் பரிந்துரை. தமிழ் 99 விசைப்பலகை அதில் கிடைக்கும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (அச்சு அசல் நகல்) செய்யலாமா என்று கேட்பார்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சாட்டா–யூ.எஸ்.பி. வயரில் புதியதை மாட்டி, குளோன்ஜில்லா மென்பொருள் கொண்டு செய்யலாம். ஆனால் பத்து வருஷக் குப்பையும் சேர்ந்து வரும். புதிதாக நிறுவுவதே மேல்.

ஆரம்பத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரில் எங்கே சேமித்தார்கள்?

பாட்டு கேட்கும் அதே ஆடியோ கேசட்டில். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலும் கேசட் இணைக்கும் துளை இருந்தது. ஃபிளாப்பியின் கொள்ளளவு 160 கே.பி., ஹார்ட் டிஸ்க் கிடையாது. 1983இல் வந்த எக்ஸ்.டி. மாடலில் 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க். நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984இல் தொடங்கிய கிளாஸ் என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. இன்னும் பின்னால் போனால், 1956இல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்ட் டிஸ்க் ஏறத்தாழ ஒரு டன் எடை. 24 அங்குலத் தட்டு ஐம்பது. கொள்ளளவு இன்றைய கணக்கில் சுமார் 3.75 எம்.பி. இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதில் கொள்ளுமா என்பது சந்தேகம்.

பலரும் கண்ணால் பார்த்தது 1.44 எம்.பி. ஃபிளாப்பி. துல்லியமாக 14,74,560 பைட். யுனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை), யு.டி.எஃப். 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'தருமபுரி' என்று எழுத, ஐந்து எழுத்தும் மூன்று துணைக்குறியுமாக எட்டுக் குறியீடு, 24 பைட். முழு ஃபிளாப்பியிலும் ஏறத்தாழ 4 லட்சத்து 91 ஆயிரம் தமிழ்க் குறியீடுகள் கொள்ளும். ஒரு நடுத்தர நாவலுக்குப் போதும், ஒரு பாட்டுக்குப் போதாது. விண்டோஸ் 95 மொத்தம் 13 ஃபிளாப்பிகளில் வந்தது.

2000இல் வந்த ஆரம்பகாலப் பென்டிரைவ்கள் 8 எம்.பி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் 40 அல்லது 80 ஜி.பி. ஐ.டி.இ. (சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு வகை) டிஸ்க் இருந்தால் அது பெரிய விஷயம். டிஸ்க் நிறைந்ததும் 700 எம்.பி. சி.டி.யில் 'ரைட்' பண்ணி வைப்போம். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. விண்டோஸ் எக்ஸ்.பி. 1.5 ஜி.பி. இடம் கேட்டது. விண்டோஸ் 11 கேட்பது 64 ஜி.பி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கேசட், ஃபிளாப்பி, சி.டி., ஐ.டி.இ. எல்லாவற்றிலும் பொருள் கெடுவதற்கு முன்பே அதைப் படிக்கும் கருவி வீட்டை விட்டுப் போய்விட்டது. வைக்கிற டிஸ்க்கை ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பழைய ஐ.டி.இ. டிஸ்க், ஃபிளாப்பியில் இருப்பதை இப்போது எடுக்க முடியுமா?

ஐ.டி.இ.க்கு யூ.எஸ்.பி. அடாப்டர் கிடைக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். டிஸ்க்கின் பின்னால் உள்ள ஜம்பர் என்னும் குட்டி இணைப்பானை 'மாஸ்டர்' நிலையில் வைத்தால் சிக்கல் குறைவு. 3.5 அங்குல ஃபிளாப்பிக்கு யூ.எஸ்.பி. டிரைவ் உண்டு. 5.25 அங்குலத்துக்குத் தனி கன்ட்ரோலர் தேவை, அது வீட்டு வேலை இல்லை. சி.டி.யில் பூஞ்சை படிந்திருந்தால் மென்மையான ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடும், படிக்க முடியாமல் போகும்.

அச்சகம், டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஃபைல் மட்டும் கிடைத்தால் போதாது. அந்தக் காலத் தமிழ் யுனிகோடு இல்லை; ஒவ்வொரு ஃபான்டுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை. ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூழாகத் தெரியும். அதனால் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் முழுதாக நகலெடுங்கள். பிறகு எழுத்துரு மாற்றிகள் கொண்டு யுனிகோடுக்குக் கொண்டுவரலாம். தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முந்தைய திருமண அழைப்பிதழ், தலவரலாறு, சங்க மலர் எல்லாம் இப்படித்தான் சிக்கிக் கிடக்கின்றன. காப்பாற்ற வேண்டிய செல்வம் அது.

1 டி.பி. வாங்கினோம், 931 ஜி.பி.தான் காட்டுது. ஏமாற்றிட்டாங்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆகப் பிரித்துக் காட்டுகிறது. 512 ஜி.பி. வாங்கினால் 476 காட்டும்.

ஆன்லைனில் 2 டி.பி. பென்டிரைவ் நானூறு ரூபாய்க்கு வருதே?

போலி. உள்ளே இருப்பது சின்ன சில்லு. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதன் நிரலை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியது போல நடிக்கும். பெயர்ப் பட்டியல் சரியாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எந்தப் பென்டிரைவ், மெமரி கார்டு வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். லினக்ஸில் எஃப்3. நல்ல சரக்கு என்றாலும் பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டும்தான், வைப்பதற்கு இல்லை.

ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்தாங்க. எதில் வைப்பது?

அந்த வாரமே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றுங்கள். ஒரு டிஸ்க் பாலக்கோட்டில் உங்கள் வீட்டில், இன்னொன்று ஓசூரில் மகள் வீட்டில் என்று இருக்கட்டும். திருட்டு, தீ, இடி மூன்றும் ஒரே நாளில் இரண்டு ஊரில் நடக்காது.

எவ்வளவு இடம் வேண்டும்? விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவான 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இரண்டு நாள் சடங்கின் மூலப் பதிவு நான்கைந்து கேமராவோடு 1 டி.பி.யைத் தொடும். எடிட் செய்தது மட்டும் என்றால் 50 முதல் 100 ஜி.பி.

டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திறக்கும். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. 'இடம் இருக்கு, ஆனா காப்பி ஆகலை' என்பதன் காரணம் அதுவே. நகலெடுக்கும்போது டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்ப்பை இயக்கி விடுங்கள். வயரை நீல நிற யூ.எஸ்.பி. 3 துளையில் செருகுங்கள். பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் விநாடிக்கு 30, 40 எம்.பி.தான் போகும், ஒரு டி.பி. ஏற ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் இணைத்து நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். மின்சாரம் தராமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைக்க எஸ்.எஸ்.டி. ஏற்றதல்ல. செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக.

கூகுளில் போட்டால் போதாதா?

மூன்றாவது நகலாகப் போடுங்கள். இலவசமாக 15 ஜி.பி. உண்டு. 10 மெகாபிட் அப்லோடு உள்ள இணைப்பில் 100 ஜி.பி. ஏற்ற 22 மணி நேரம் பிடிக்கும். போனோடு ஒத்திசைவில் இருக்கும் ஆல்பத்தில் ஒரு படத்தை அழித்தால் மேலேயும் அழியும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அழித்தால் கூடவே அழிகிற நகல், காப்பு நகல் ஆகாது.

கரண்ட் அடிக்கடி போகுது, கோடை மழையில் இடி வேற. டிஸ்க்குக்கு ஆபத்தா?

ஆபத்துதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் பட்டியல் குலையும். சாதாரண எஸ்.எஸ்.டி.யில் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்னும் அதன் சொந்த வரைபடமே குலையக்கூடும், டிஸ்க் மொத்தமாகத் தெரியாமல் போகும். அப்படி ஆனால் உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். சில மாடல்களில் டேட்டா வயரைக் கழற்றிவிட்டு, பவர் மட்டும் கொடுத்து அரை மணி நேரம் விட்டால் தானே வரைபடத்தைக் கட்டிக்கொண்டு எழுந்து வரும்.

டெஸ்க்டாப்புக்கு 600 வி.ஏ. யூ.பி.எஸ். போதும். ஃபைலைச் சேமித்து நிறுத்தும் அளவுக்குப் பத்து நிமிஷம் தாங்கும். பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கச் சுவிட்சைப் பாருங்கள். 'எக்கோ' பக்கம் இருந்தால் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் அணைந்து எழும். 'யூ.பி.எஸ்.' பக்கம் தள்ளினால் பெரும்பாலும் தாங்கிவிடும்.

சித்திரை, வைகாசி இடி மழைக்குச் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிராட்பேண்டு வயரையும் பிடுங்க வேண்டும். காப்பு டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருக்கக் கூடாது. மின்தாக்குதல் வந்தாலும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

டிஸ்க் 'டிக் டிக்'னு சத்தம் போடுது.

அணையுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தலை தட்டைச் சுரண்டக்கூடும். ஃப்ரீஸரில் வைப்பது, மூடியைத் திறப்பது, அதே மாடலின் போர்டை மாற்றிப் போடுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொரு போர்டிலும் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்திருக்கும். பொருள் முக்கியம் என்றால் தூசியற்ற அறையுள்ள மீட்பு நிலையத்துக்கு நேராக அனுப்புங்கள்.

சத்தம் இல்லாமல் மெதுவாகும் டிஸ்க்குக்கு, டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 05, சி5, சி6 வரிசைகளில் பூஜ்யம் தவிர வேறு எண் வளர்ந்துகொண்டே போனால் தட்டு கெடத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே நகலெடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா வயர்தான் கோளாறு, மாற்றினால் சரியாகிவிடும்.

எஸ்.எஸ்.டி.யில் தவறுதலாக அழித்ததைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் நடக்காது. டிரிம் என்னும் ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும்.

சர்வீசுக்குக் கொடுத்த லேப்டாப் 48 இலக்க எண் கேட்குது.

அது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் ஏற்பாடு. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பல லேப்டாப்களில் தானாகவே இயங்கிவிடும். எண் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். போர்டு மாற்றக் கொடுப்பதற்கு முன்பே அதை எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். எண்ணும் இல்லை, கணக்கும் மறந்துபோனது என்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

வீட்டு சி.சி.டி.வி.க்கு எந்த டிஸ்க்?

கண்காணிப்புக்கென்றே செய்த 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளுக்கு 86 ஜி.பி.; 1 டி.பி. பதினோரு நாள் தாங்கும். பழைய லேப்டாப் டிஸ்க்கைப் போட்டால் இரவும் பகலும் எழுதுவதைத் தாங்காது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் லாபமா?

ஓசூர்க்காரர்களுக்குப் பக்கம், வகையும் நிறைய. ஜி.எஸ்.டி. பில்லும் அதில் சீரியல் எண்ணும் வேண்டும். இந்திய வாரண்டி உள்ளதா என்று அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் கடையிலேயே போட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சுற்றி வந்த சரக்குக்கு இங்கே மாற்றித் தர மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள்; புதியது ஒற்றை இலக்கத்தில் இருக்கும், பல்லாயிரம் காட்டினால் எங்கோ சி.சி.டி.வி. பதிவுப் பெட்டியில் உழைத்துவிட்டு வந்தது. எண்ணைத் திருத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே ஸ்க்ரூ துளைகளில் முறுக்கிய தழும்பு, கனெக்டரில் தேய்மானக் கோடு இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.